வெள்ளிக் காசில் நிற்பது எந்தத் தெய்வம்? – வாசகர் கேள்வி பதில்

பழைய ரோமானிய வெள்ளிக் காசுகளில் உள்ள தெய்வ உருவங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். கேள்வி எதுவானாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: தெய்வத்தின் முகத்தைப் பார்த்து யாரென்று முடிவு கட்டாதீர்கள். 18 மில்லிமீட்டர் அகலக் காசில் முகம் அரை அரிசி அளவுகூட இருக்காது. தேய்மானத்தில் முதலில் போவதும் அதுதான். கையில் என்ன இருக்கிறது, காலடியில் என்ன இருக்கிறது, காசை அடித்தவர் யார், எந்த ஆண்டு என்று பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

கே: ஒரு பக்கம் சிறகு வைத்த தலைக்கவசம் அணிந்த பெண். கழுத்துக்குப் பின்னால் பெருக்கல் குறி போல ஒன்று. மறுபக்கம் ஈட்டியோடு பாயும் இரண்டு குதிரை வீரர்கள். இந்தப் பெண் மினர்வாதானே?

ப: அறிவுத் தெய்வமான மினர்வா அல்ல, ரோமா. ரோம் நகரத்தையே பெண் தெய்வமாக உருவகித்த வடிவம். கவசம் போட்ட பெண் என்றதும் மினர்வா என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் தவறு. மினர்வாவுக்குப் பெரும்பாலும் கொரிந்தியக் கவசம் இருக்கும். கண்துளைகளோடு கூடிய அந்தக் கவசத்தை நெற்றிக்கு மேலே தள்ளி வைத்திருப்பாள். மார்பில் செதில் செதிலாக, ஓரத்தில் பாம்புகள் நெளியும் ஒரு மேலாடையும் இருக்கலாம். ரோமாவின் கவசம் தலையோடு ஒட்டியது, பக்கவாட்டில் சிறகு விரிந்தது.

பெருக்கல் குறி போலத் தெரிவது ரோமானிய எண் 10. டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு, கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலோடு நடந்த போரின் நடுவே, கி.மு. 211 வாக்கில் அறிமுகமானது. ஒரு டெனாரியஸுக்கு 10 ‘ஆஸ்’ செப்புக் காசு என்பதுதான் அந்தக் குறியின் பொருள். கி.மு. 141 வாக்கில் அதன் மதிப்பு 16 ஆஸ் ஆனது. சில காசுகளில் 16 என்றே பொறித்தார்கள். பிறகு எக்ஸ் குறியின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். பார்க்க நட்சத்திரம் போலிருக்கும். ஆகவே குறியைப் பார்த்தே காசு ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

குதிரையில் வருபவர்கள் காஸ்டர், போலக்ஸ் என்ற இரட்டையர். லென்ஸை வைத்துத் தலைக்கு மேலே பாருங்கள், ஆளுக்கொரு நட்சத்திரம் தெரியும். ரெஜில்லஸ் ஏரிப் போரில் இவர்கள் ரோமானியருக்குத் துணை நின்றார்கள். போர் முடிந்ததும் ரோம் நகரத்து ஜுடர்னா ஊற்றில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள் என்பது ரோமானியரின் நம்பிக்கை. எதிரி இத்தாலிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் புதுக் காசில் இவர்களைப் பொறித்ததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எடையையும் பார்த்துவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு ரோமானிய ராத்தலுக்கு 72 காசு, அதாவது காசு ஒன்று சுமார் 4.5 கிராம். சில ஆண்டுகளிலேயே ராத்தலுக்கு 84 ஆனது. அது சுமார் 3.9 கிராம். உங்கள் காசு 4.2 கிராமுக்கு மேல் இருந்தால் மிகத் தொடக்க கால வெளியீடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கே: எழுத்து பாதி அழிந்துவிட்டது. நிற்கும் பெண் உருவம் ஒன்று மட்டும் தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: காசைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருப்பதைவிட மேசையில் வைத்து, விளக்கை இடப்பக்க மேல்மூலையில், மிகத் தாழ்வாகப் பிடியுங்கள். நேரே மேலிருந்து வரும் வெளிச்சத்தில் மறைந்து கிடப்பவை பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து வரும். காசை மெல்ல முழு வட்டம் சுற்றி, தெரிவதையெல்லாம் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். முதலில் நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா என்று குறியுங்கள். அடுத்து நமக்கு இடப்பக்கம் நீளும் கையில் என்ன, மற்றக் கையில் என்ன, காலடியில் என்ன, தலையில் என்ன என்று வரிசையாகப் பாருங்கள். இந்த ஐந்தையும் குறித்த பிறகுதான் பெயரைப் பற்றி யோசிக்க வேண்டும். பெயரை முதலில் முடிவு செய்துவிட்டால், இல்லாத மயில்கூட காலடியில் தெரியத் தொடங்கும்!

எளிதானவற்றை முதலில் தள்ளிவிடுவோம். பெண்ணுக்குச் சிறகு இருந்து, கையில் மாலையும் பனையோலையும் இருந்தால் வெற்றித் தெய்வமான விக்டோரியா. (விதிவிலக்கு ஒன்று உண்டு: கிளாடியஸ் பேரரசரின் காசில் சிறகோடு வருபவள், பாம்பை நோக்கி இரட்டைப் பாம்புக் கோலை நீட்டும் பழிவாங்கும் தெய்வம் நெமெசிஸ், சுற்றிலும் உள்ள எழுத்தோ அமைதித் தெய்வமான பாக்ஸின் பெயர்.) வில்லும் அம்பறாத்தூணியும் நாயும் இருந்தால் டயானா. கேடயமும் ஈட்டியும் ஆந்தையும் என்றால் மினர்வா. தட்டு, செங்கோல், காலடியில் மயில் என்றால் ஜூனோ. இரு சிங்கங்களுக்கு நடுவே கோட்டை வடிவக் கிரீடத்தோடு உட்கார்ந்திருப்பவள் சிபெலி.

ஆண் தெய்வங்களில் குழப்பம் குறைவு. இடியும் கழுகும் ஜூபிட்டர். முச்சூலமும் டால்பினும் நெப்டியூன். தடியும் சிங்கத்தோலும் ஹெர்குலிஸ். யாழ் அப்பல்லோ. தலையைச் சுற்றிக் கதிரும், உயர்த்திய கையும் சூரிய தெய்வமான சோல். ஒற்றைப் பாம்பு சுற்றிய கோல் மருத்துவத் தெய்வம் ஈஸ்குலேபியஸ். அதையே இரண்டு பாம்பாகப் பார்த்துவிட்டு மெர்க்குரி என்று எழுதுபவர்கள் உண்டு, பாம்பின் தலைகளை எண்ணிவிடுங்கள்.

சிக்கல் வருவது குணங்களைப் பெண்ணாக உருவகித்த காசுகளில். பேரரசுக் காலத்து டெனாரியஸ்களில் இவர்களே மிகுதி. ரோமானியர் இவர்களையும் தெய்வமாகவே நினைத்தார்கள், பலருக்குக் கோயிலும் இருந்தது. பலர் கையிலும் வளக்கொம்பு இருக்கும். பழமும் தானியமும் வழியும் அந்தக் கொம்பை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மற்றக் கைதான் சொல்லும். சுக்கான் பிடித்திருந்தால் அதிர்ஷ்டத் தெய்வம் ஃபோர்ச்சூனா. ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ். இரட்டைப் பாம்புக் கோல் என்றால் நற்பேற்றின் வடிவமான பெலிசிடாஸ். புள்ளிகள் வைத்த சதுரப் பலகை, அதாவது பணம் எண்ணும் பலகை என்றால், மக்களுக்கு அரசர் பணம் வழங்கியதைக் குறிக்கும் லிபராலிடாஸ். பூவை உயர்த்திப் பிடித்து, மற்றக் கையால் பாவாடையைச் சற்றே தூக்கியபடி நடப்பவள் நம்பிக்கையின் வடிவமான ஸ்பெஸ். தட்டை நீட்டிப் பாம்புக்கு ஊட்டுபவள் நலத்தின் தெய்வம் சாலஸ். தொங்கலாகத் தொப்பி ஒன்றைப் பிடித்திருந்தால் விடுதலைத் தெய்வம் லிபர்டாஸ். அடிமையை விடுவிக்கும்போது அணிவிக்கும் தொப்பி அது.

எழுத்து இல்லாமல் பிரிக்கவே முடியாத ஜோடி ஒன்று இருக்கிறது. தராசும் வளக்கொம்பும் பிடித்தவள் நேர்மையின் ஈக்விடாஸாகவும் இருக்கலாம், காசு அடிக்கும் இடமான அக்கசாலையின் மொனேட்டாவாகவும் இருக்கலாம். படம் ஒன்றேதான். எழுத்து போய்விட்டால், தலைப் பக்கத்து அரசர் எந்த ஆண்டு எதை வெளியிட்டார் என்று பட்டியலோடு ஒப்பிடுவதுதான் வழி. கோதுமைக் கதிரும் அப்படித்தான். கதிரோடு தீப்பந்தம் இருந்தால் விளைச்சல் தெய்வம் சீரஸ். கதிரோடு காலடியில் தானியம் அளக்கும் மரக்காலோ கப்பல் முனையோ இருந்தால் நகரத்தின் தானிய வரத்தைக் காக்கும் அன்னோனா.

கே: ஜூபிட்டர் உருவம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐ, ஓ, வி, ஐ’ என்று நான்கு எழுத்துதான். இது வேறு தெய்வமா?

ப: அதே ஜூபிட்டர்தான். ‘யோவி’ என்று படிக்க வேண்டும். நம் நான்காம் வேற்றுமை போல இலத்தீனிலும் பெயரின் ஈறு மாறும். ‘ஜூபிட்டருக்கு’ என்றால் ‘யோவி’. மார்ஸுக்கு என்பது ‘மார்ட்டி’, வீனஸுக்கு என்பது ‘வெனெரி’, அப்பல்லோவுக்கு என்பது ‘அப்பொல்லினி’. அதாவது காசே ஒரு காணிக்கை வாசகத்தைச் சுமக்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு அடைமொழி வரும், அதைத் தவறவிடாதீர்கள். ‘கன்சர்வட்டோரி’ என்றால் காத்தவனுக்கு, ‘உல்டோரி’ என்றால் பழிதீர்த்தவனுக்கு, ‘விக்டோரி’ என்றால் வென்றவனுக்கு.

எழுத்து படிக்கையில் இரண்டை நினைவில் வையுங்கள். ‘வி’ என்ற எழுத்தே ‘யு’வுக்கும் நிற்கும்; ‘ஐ’ என்ற எழுத்தே ‘ஜே’வுக்கும் நிற்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கமும் பெரும்பாலும் கிடையாது.

அடைமொழிக்கு எவ்வளவு கனம் என்பதற்கு நீரோவின் காசு ஒன்று போதும். கி.பி. 65-இல் பைசோ என்பவர் தலைமையில் அவரைக் கொல்லத் திட்டமிட்டது அம்பலமானது. அதன் பிறகு வந்த டெனாரியஸில் ஜூபிட்டர் இடியோடு அரியணையில் இருக்கிறார். பெயர் ‘யுப்பிட்டர் குஸ்டோஸ்’, காவல் காக்கும் ஜூபிட்டர். இங்கே பெயர் எழுவாயாகவே வருகிறது. உயிர் தப்பியதற்குத் தெய்வத்தின் பெயரால் நாடு முழுக்கச் சொன்ன அறிவிப்பு இது.

கே: சீசர் ஏன் வீனஸைக் காசில் போட்டார்? போர்வீரருக்கு மார்ஸ் அல்லவா பொருத்தம்?

ப: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சீசர் பிறந்த யூலியஸ் குலத்தார் தங்களைக் காதல் தெய்வமான வீனஸின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். வீனஸின் மகன் ஈனியஸ். அவன் டிராய் நகரிலிருந்து தப்பி இத்தாலிக்கு வந்தவன். அவன் மகன் யூலுஸ். அந்தப் பெயரிலிருந்து குலப்பெயர். இது சீசர் தொடங்கியது அல்ல. கி.மு. 103-இல் லூசியஸ் யூலியஸ் சீசர் என்ற முன்னவர் அடித்த டெனாரியஸிலேயே, மன்மதச் சிறுவர்கள் இழுக்கும் தேரில் வீனஸ் போகிறாள். குடியரசுக் காலத்தில் காசடிக்கும் பொறுப்பு இளம் அதிகாரிகள் மூவரிடம் இருந்தது. அரசியலில் மேலே போக நினைத்த அவர்களுக்குக் குலப்பெருமையை ஊரெங்கும் கொண்டுசெல்லக் கிடைத்த வாகனம் காசு. ஆகவே குடியரசுக் காலத்துக் காசில் தெய்வம் வந்தால், அது யாருடைய பாட்டன் என்று கேட்க வேண்டும்!

சீசர் கி.மு. 47-46 வாக்கில் வெளியிட்ட காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வீனஸின் தலை. மறுபக்கம் ஆடையில்லாத ஈனியஸ் நடந்துகொண்டிருக்கிறான். இடத்தோளில் கிழத் தந்தை அன்கைசிஸ் உட்கார்ந்திருக்கிறார். வலக்கையில் டிராயிலிருந்து எடுத்துவந்த சின்னஞ்சிறு மினர்வா சிலை. வலப்பக்கம் மேலிருந்து கீழாக ‘சீசர்’ என்ற ஒரே சொல். பட்டமும் பதவியும் இல்லை. தாய் தெய்வம், நாட்டைக் கட்டியவன் மகன், அவன் வழியில் நான் என்ற முழு வாதமும் ஒரு விரல் நகத்தளவு வெள்ளியில் முடிந்துவிடுகிறது. எங்கள் பார்வையில் ரோமானியர் அடித்த காசுகளிலேயே இவ்வளவு கச்சிதமாகப் பேசும் காசு குறைவு.

கி.மு. 44-இல் அடுத்த எல்லையையும் தாண்டினார். உயிரோடு இருக்கும் ரோமானியர் ஒருவரின் தலை ரோம் நகரின் காசில் வந்தது அப்போதுதான். ‘நிரந்தரச் சர்வாதிகாரி’ என்ற எழுத்தோடு அவர் தலை முன்னால் வந்தது. வீனஸ், கையில் சிறு விக்டோரியாவைத் தாங்கிப் பின்பக்கம் போனாள். அதுவரை முகப்பில் இருந்த தெய்வங்கள் பின்பக்கத்துக்கு நகரத் தொடங்கியது இங்கேதான்.

அவர் இறந்த பின் நடந்த சண்டையில் தெய்வங்களும் அணி பிரிந்தன. சீசரின் எதிரியாக இருந்த பாம்பேயின் மகன் செக்ஸ்டஸ் பாம்பே கடலில் வென்றவர். தன்னை நெப்டியூனின் மகன் என்றார். அவர் காசில் நெப்டியூன் கப்பல் முனையில் காலை ஊன்றி நிற்கிறார். சீசரின் தளபதியாக இருந்த ஆண்டனி சூரிய தெய்வத்தைப் போட்டார். சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கி.மு. 42-இல் இரண்டு குத்துவாளுக்கு நடுவே விடுதலைத் தொப்பியைப் பொறித்தார். அங்கே தெய்வம் உருவமாக வராமல் அடையாளமாக நிற்கிறது. கடைசியில் வென்ற சீசரின் வளர்ப்பு மகன் அகஸ்டஸ், பின்னாளில் லுக்டுனம் நகரில் அடித்த காசுகளில் கணக்கைத் தீர்த்தார். யாழோடு நிற்கும் அப்பல்லோவின் காலடியில் ‘ஆக்ட்’ என்ற மூன்றெழுத்து, அது கி.மு. 31-இல் ஆண்டனியை வென்ற ஆக்டியம். நாயோடு நிற்கும் டயானாவின் காலடியில் ‘சிசில்’, அது கி.மு. 36-இல் சிசிலிக் கடலில் செக்ஸ்டஸைத் தோற்கடித்தது. இந்த இரண்டு காசையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். எதிரியின் பெயரே இல்லை. இரண்டு தெய்வமும் இரண்டு இடப்பெயரும்தான்.

கே: குடியரசுக் காலத்துக் காசில் பான் என்ற ஆட்டுக்கால் தெய்வத்தின் முகமூடி ஏன்?

ப: அதிகாரியின் பெயர் பான்சா! பெயரில் சிலேடை வைப்பது அவர்களுக்குப் பிடித்தமானது. பொம்போனியஸ் மூசா என்பவர் ஒன்பது கலைத்தெய்வங்களான மியூஸ்களையும் தனித்தனிக் காசில் அடித்தார். தோரியஸ் பால்பஸ் என்பவர் கி.மு. 105-இல் ஒரு பக்கம் ஆட்டுத்தோல் போர்த்திய ஜூனோவையும், மறுபக்கம் பாயும் காளையையும் போட்டார். காளைக்கு இலத்தீனில் ‘டாரஸ்’. தெய்வத்துக்குக் காரணம் புரியாதபோது அதிகாரியின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கே: ‘மொனேட்டா’ என்பது தெய்வமா, அக்கசாலையா?

ப: இரண்டும். ரோம் நகரின் காபிடோலைன் குன்றில் ஜூனோ மொனேட்டாவின் கோயில் இருந்தது. காசு அடிக்கும் இடம் அதை ஒட்டி இருந்தது. அவள் பெயரே காசுக்கும் அக்கசாலைக்கும் பெயராகி, இன்றைய ஆங்கிலத்தின் ‘மணி’, ‘மின்ட்’ வரை வந்திருக்கிறது. கி.மு. 46-இல் டைட்டஸ் கரிசியஸ் அடித்த டெனாரியஸில் ஒரு பக்கம் மொனேட்டாவின் தலை. மறுபக்கம் பட்டறைக்கல், சுத்தியல், இடுக்கி. காசு எப்படி அடித்தார்கள் என்பதைக் காசே காட்டுகிறது. முகப்பு அச்சைக் கல்லில் பதித்து, சூடாக்கிய வெள்ளி வில்லையை அதன்மேல் வைத்து, பின்பக்க அச்சைக் கையில் பிடித்து, மேலே ஓங்கி அடிப்பார்கள். அடி சரியாக விழாததால்தான் பல காசுகளில் தெய்வத்தின் தலையோ காலோ விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் அதே தலை குழிவாக, இடவலம் மாறியும் விழும். அப்படி ஒன்று கிடைத்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கே: டொமிஷியன் காசு நான்கு பார்த்தேன், நான்கிலும் மினர்வா. ஒரே காசுதானா?

ப: இல்லை. டொமிஷியன் (ஆட்சி கி.பி. 81–96) மினர்வாவைத் தன் சொந்தத் தெய்வமாகக் கொண்டவர். அவருடைய டெனாரியஸ்களில் நான்கு தோற்றம் மாறி மாறி வரும். ஈட்டியை ஓங்கிப் பாய்வது ஒன்று. கப்பல் முனைத் தூணின் மேல் அதே பாய்ச்சல், காலடியில் ஆந்தை என்பது இன்னொன்று. இடியும் ஈட்டியும் பிடித்து நிற்பது மூன்றாவது, ஈட்டி மட்டும் பிடித்து நிற்பது நான்காவது. ஆண்டைத் தோற்றம் சொல்லாது. எழுத்தில் வரும் பதவி எண்கள்தான் (எந்தப் பதவியை எத்தனையாவது முறை வகித்தார் என்ற எண்கள்) சொல்லும். எனவே சுற்றெழுத்தை முழுக்கப் படித்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கே: கையில் உள்ளது உண்மையான வெள்ளியா, உள்ளே செம்பா என்று வெட்டாமல் அறிய முடியுமா?

ப: முடியும். அடர்த்தி பார்க்க வேண்டும். ஒரு சிறு தம்ளரில் நீர் வைத்து, அதைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 3.60 கிராம் காசு 0.35 காட்டினால் அடர்த்தி 10.29. தூய வெள்ளி 10.5, செம்பு 8.96, ஆகவே இது நல்ல வெள்ளி. 3.05 கிராம் காசு 0.33 காட்டினால் 9.24, உள்ளே செம்பு இருப்பதாகச் சந்தேகப்பட வேண்டும்.

இங்கே வழுக்கும் இடம் தராசு. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு எண் முன்பின் ஆனால், அதே 3.60 கிராம் காசு 10.0 என்றும் வரும், 10.6 என்றும் வரும். 0.001 வரை காட்டும் தராசு இல்லாமல் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். காசில் ஒட்டும் காற்றுக்குமிழும் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். நீரில் ஒரே ஒரு துளி சோப்புத் திரவம் விட்டால் குமிழ் ஒட்டாது. மூன்று முறை அளந்து பாருங்கள்.

செம்பின்மேல் வெள்ளி போர்த்திய காசுகளை அந்தக் காலத்திலேயே செய்தார்கள். செப்பு வில்லையை வெள்ளித் தகட்டில் பொதிந்து சூடாக்கினால், இரண்டும் தொடும் இடம் சுமார் 780 டிகிரி செல்சியஸில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அச்சில் அடித்தார்கள். விளிம்பையும், தெய்வத்தின் முழங்கால், மார்பு, தலைக்கவசம் போன்ற மேடான இடங்களையும் லென்ஸில் பாருங்கள். வெள்ளித்தோல் கிழிந்து உள்ளே சிவப்போ பச்சையோ தெரியும், சில இடங்களில் தோல் கொப்புளம் போல உப்பியிருக்கும். இவை பழமையானவையே, இக்காலப் போலிகள் அல்ல. குடியரசுக் காசுகளில் பிறை, புள்ளி, எழுத்து வடிவில் சின்னஞ்சிறு குத்துத் தடங்கள் இருப்பது வேறு. அவை உள்ளே செம்பா என்று சோதித்தவர்கள் வைத்தவை.

இக்காலத்து வார்ப்புப் போலிக்கு அடையாளம் வேறு. எழுத்தின் ஓரம் சோப்பு தேய்ந்தது போல உருண்டிருக்கும். தரையில் ஊசி முனையளவுக் குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றிக் கோடோ, அதை அராவிய தடமோ தெரியும். அடித்த காசில் எழுத்திலிருந்து விளிம்பு நோக்கி உலோகம் ஓடிய மெல்லிய வரிகளும், விளிம்பில் வெடிப்பும் காணலாம். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல், ஒரே வெடிப்பு, ஒரே வடிவ விளிம்பு என்றால் இரண்டையும் ஒதுக்குங்கள். கையால் அடித்த காசுகளில் அப்படி நடக்காது. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து மகிழ வேண்டாம், செம்பிலும் காந்தம் ஒட்டாது.

கே: கறுத்துப்போன காசை எப்படிப் பளிச்சென்று ஆக்குவது?

ப: ஆக்க வேண்டாம். சீரான கருமை வெள்ளியின் மேல் படிந்த மெல்லிய சல்பைடு. அதுதான் தெய்வத்தின் உடை மடிப்பையும் தலைமுடியையும் கண்ணுக்குக் காட்டுகிறது. பற்பசை, சோடாப்பொடி போட்டுத் தேய்த்தால் நூற்றுக்கணக்கான நுண்கீறல் விழும். அமிலம் ஊற்றினால் கலவையில் உள்ள செம்பை அரித்து, மேற்பரப்பைச் சொரசொரப்பான வெளிறிய வெள்ளையாக விட்டுவிடும். போனது திரும்பாது.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தினம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். மூன்று நாளோ பத்து நாளோ ஆகலாம். இளகிய மண்ணை மூங்கில் குச்சியின் முனையால் தள்ளுங்கள், உலோக ஊசி வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும், பிளாஸ்டிக் உறையிலிருந்து இறங்கிய பச்சைப் பசையும் தூய அசிட்டோனில் போகும். சன்னலைத் திறந்து, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். மெழுகு போல அப்பியிருக்கும் சாம்பல்நிறப் படிவு வெள்ளிக் குளோரைடு. அதைச் சுரண்டினால் அடியிலுள்ள உருவமும் சேர்ந்து வரும். பதனிடும் வல்லுநரிடம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் பளிங்குத் துகள்களாகப் பிரிந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்க்கத் திடமாக இருக்கும். கீழே விழுந்தால் பிஸ்கட் போல இரண்டாக உடையும், முறிந்த இடம் சர்க்கரை போல மினுங்கும். அதனால் எப்போதும் மெத்தென்ற துணிக்கு மேலே, விளிம்பைப் பிடித்தே காசைக் கையாளுங்கள்.

கே: எதில் வைப்பது?

ப: பி.வி.சி. உறை, ரப்பர் பேண்ட், ஓக் மரப்பெட்டி மூன்றும் ஆகாது. பாலியெஸ்டர் உறையில் வைத்து, அதே பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். எடையையும் விவரத்தையும் அமிலம் இல்லாத தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள்.

கே: பேரரசரின் தலையில் முள்முள்ளாக ஒரு கிரீடம். அவரும் தெய்வமாகிவிட்டாரா?

ப: அது சூரிய தெய்வத்தின் கதிர்க் கிரீடம். வெள்ளிக் காசில் அதற்குக் கணக்கு சார்ந்த பொருளும் உண்டு. பேரரசர் கராகல்லா கி.பி. 215-இல் புதிதாக ஒரு காசு வெளியிட்டார். நாம் அதை அன்டோனினியானஸ் என்கிறோம். எடை சுமார் 5 கிராம். இரண்டு டெனாரியஸ் மதிப்புக்கு வெளியிட்டார்கள் என்று கருதப்படுகிறது. ஆனால் வெள்ளி இரண்டு டெனாரியஸ் அளவுக்கு இல்லை. இதை டெனாரியஸிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அரசர் தலையில் கதிர். அரசியாக இருந்தால் தோளுக்குக் கீழே பிறை. அவர் சூரியன், அவள் சந்திரன்.

அதற்கு முன்பே வெள்ளி குறையத் தொடங்கிவிட்டது. நீரோ கி.பி. 64-இல் ராத்தலுக்கு 96 காசு என்றாக்கினார், சுமார் 3.4 கிராம், தூய்மையையும் குறைத்தார். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் ஏறத்தாழப் பாதிதான் வெள்ளி. கி.பி. 268–270-இல் ஆண்ட இரண்டாம் கிளாடியஸ் காலத்தில் அன்டோனினியானஸில் இருந்தது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. காக்கும் ஜூபிட்டரும் துணைநிற்கும் சோலும் அதிகமாகக் காசில் தோன்றியதும் இந்த நெருக்கடிக் காலத்தில்தான். அக்காலக் காசில் வெள்ளிப் பூச்சு மிச்சமிருந்தால் தொட்டுத் துடைக்காதீர்கள். அதில் இருக்கும் வெள்ளி பெரும்பாலும் அந்தப் பூச்சு மட்டுமே.

கே: இரண்டு முகம் கொண்ட ஜேனஸ் ஏன் வெள்ளியில் கிடைப்பதில்லை?

ப: ஜேனஸின் இடம் செப்பு ‘ஆஸ்’ காசு. ஒரு பக்கம் தாடி வைத்த ஜேனஸ், மறுபக்கம் கப்பல் முனை. நாம் ‘பூவா தலையா’ என்று சுண்டுவதை ரோமானியச் சிறுவர்கள் ‘தலையா கப்பலா’ என்று சுண்டியது இந்தக் காசை வைத்துத்தான். கப்பல் பக்கமே இல்லாத காசுகள் வந்து வெகுகாலமான பிறகும் அந்தச் சொல் நிலைத்தது.

டெனாரியஸுக்கு முன்னால், கி.மு. 225 முதல் 212 வரை அடித்த குவாட்ரிகாட்டஸ் என்ற வெள்ளிக் காசில் இரட்டை முகம் உண்டு, எடை சுமார் 6.8 கிராம். ஆனால் அந்த முகங்களுக்குத் தாடி இல்லை. அவை பெரும்பாலும் முதல் கேள்வியில் வந்த இரட்டையர்களே என்று கருதப்படுகிறது. தாடியோடு கூடிய உண்மையான ஜேனஸ் வெள்ளியில் வேண்டுமானால், கி.மு. 119-இல் மார்க்கஸ் ஃபூரியஸ் ஃபிலஸ் அடித்த டெனாரியஸைத் தேடுங்கள். மறுபக்கம் ரோமா நின்று வெற்றிச் சின்னத்துக்கு மாலை சூட்டுகிறாள்.